நிர்மலா மேஸ்திரியும் மறந்துபோன குழியும்

திருத்தணியில் நிர்மலாவைத் தேடுகிறவர்கள் காதைத்தான் நம்ப வேண்டும். எந்தத் தெருவில் உளிமேல் சுத்தி விழுகிற சத்தம் கேட்கிறதோ, அங்கே இருப்பாள். மற்றவர்கள் மெஷின் வைத்துக் கான்க்ரீட்டை உடைத்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். இவள் உடைத்தால் தூளியில் தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது. ஒருமுறை ஒரு வீட்டு மாடியில் குழாய் இறக்க ஓட்டை போட்டாள். பக்கத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. வேலை நடந்த வரைக்கும் நன்றாகத் தூங்கி, சத்தம் நின்றதும்தான் திடுக்கிட்டு எழுந்து இவளை முறைத்ததாம். முழுசாக நம்ப வேண்டாம். பூனை இருந்தது என்கிற அளவுக்கு நம்பினால் போதும்.

பிறந்தது கே.ஜி.கண்டிகை. அப்பா, அம்மா இருவருக்கும் கழனி வேலை. பத்தாவது பாஸ் செய்த கையோடு பாலமுருகனைக் கட்டிக்கொண்டாள். அவன் கண்டிகைக்கும் திருத்தணிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் இன்னும் ஒரு ஆள் ஏறலாம் என்று எப்போதும் நினைக்கிறவன். நிர்மலா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். சித்தாள் என்றால் ஜல்லி அள்ளலாம், பாண்டுச் சட்டி தூக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், கலவையை மம்முட்டியால் புரட்டிப் புரட்டி இடுப்பை ஒடித்துக்கொள்ளலாம். பூசுகிற கரண்டியை மட்டும் தொடக்கூடாது. கரண்டி ஆண்பிள்ளை கைக்குத்தான் பணியும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொன்னவர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நிர்மலா கரண்டி பிடிக்கக் கற்றது மத்தியானத்தில். ஆண்கள் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துக் குறட்டை விடுகிற நேரம் பார்த்து, கலவை காய்வதற்குள் ஓரங்களைப் பூசி, மணியாஸ் கட்டையால் தேய்த்து மட்டமாக்கிவிடுவாள். எழுந்து வந்த மேஸ்திரி அதைத் தடவிப் பார்த்து, “பாத்தியா, நம்ம கை தூங்கும்போதுகூட வேலை செய்யுது” என்று தன்னையே மெச்சிக்கொள்வார். அவர் மெச்சிக்கொள்ள மெச்சிக்கொள்ள இவள் தேறிக்கொண்டே போனாள்.

பிறகு ஒரு நாள், கூட வேலை செய்த சுஜாதாவையும் இழுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். பெரிய மேஸ்திரிகள் மூக்கைச் சுளிக்கிற வேலையெல்லாம் இவர்களுடையது. துணி துவைக்கிற கல்லுக்கு அடித்தளம், ஸ்கூட்டர் ஏறுவதற்குச் சரிவு, சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டிக்கு மேடை. முதல் வேலைக்குப் பெருமையாக ஒரு கலவை மெஷினை வாடகைக்குப் பிடித்தாள். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. மெஷினோடு அதை ஓட்டுகிற ஒருத்தனும் வந்தான். மெஷின் கடகடவென்று சுற்றியதும் வீட்டுக்காரர் வெளியே வந்தார். டீயை முதலில் அவனிடம் நீட்டினார். எத்தனை கனம் போடலாம், தண்ணீர் ஓட எந்தப் பக்கம் வாட்டம் வைக்கலாம் என்று அவனிடம் கேட்டார். அவனுக்கு மெஷினை நிறுத்தத் தெரியும், கிளப்பத் தெரியும்; மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டினான். சாயங்காலம் அந்த வீட்டுக்காரரின் தம்பி வீட்டு வேலையும் அவனுக்கே போய்விட்டது.

“மெஷின் வந்தா கூடவே ஒரு மேஸ்திரி வந்துடறான்டி. நம்ம மறுபடியும் சித்தாளு” என்றாள் நிர்மலா, சுஜாதாவிடம்.

“அப்போ மெஷின உட்டுடு” என்றாள் சுஜாதா. “நாலு பாண்டு கலவைக்கு அத்த கழுவறதுக்கே அரை நாளு பூடுது.”

அன்றிலிருந்து ஒரு சாக்குப் பைதான். சுத்தி, தடி உளி, மெல்லிய உளி, கரண்டி, மணியாஸ் கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு. மம்முட்டியும் சின்னக் கடப்பாரையும் ஆட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு வரும். மெஷின்மேல் அவளுக்குப் பகையெல்லாம் கிடையாது. ரூஃப் போட வேண்டும் என்று யாராவது கேட்டால், “அது மெஷின் வேலைங்க, மெஷின்காரன கூப்புடுங்க” என்று அவளே நம்பர் கொடுப்பாள். சின்ன வேலையில் மெஷின் வைத்தால் அதற்குச் சின்ன வேலை என்று தெரியாது. பெரிய வேலைக்கு அடிக்கிற மாதிரியே அடிக்கும். கை அப்படி இல்லை. கல் எங்கே இளகுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று சுத்தியின் காம்பு வழியாகவே உள்ளங்கைக்குச் செய்தி வந்துவிடும் என்பாள்.

இந்த நேரத்தில்தான் பெருமாள் வீட்டு வேலை வந்தது.

பெருமாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து மலையடிவாரத்துத் தெருவில் லுங்கிக் கடை வைத்திருப்பவர். மகள் யுவஸ்ரீக்கு ஆவணியில் கல்யாணம். வீட்டுக்கு முன்னால் மண் வாசல். மழை பெய்தால் உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியிலேயே சேற்றுக்குப் பலி கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் வாசல் முழுக்கக் கான்க்ரீட் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவர் மனைவியின் தம்பி சுதாகர், கனகம்மாசத்திரம் ரோட்டில் மெஷின் வாடகைக் கடை வைத்திருக்கிறவன், “பாவா, நான் மிக்ஸர் அனுப்பறேன்” என்றான். மிக்ஸர் நுழைகிற அகலம் அந்தச் சந்துக்கு இல்லை. அப்படித்தான் வேலை நிர்மலாவுக்கு வந்தது.

அவள் போட்டதிலேயே அதுதான் பெரிய தரை. நன்றாக அமைந்தால் பெருமாளின் உறவுக்காரர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படும். நிர்மலா மேஸ்திரி என்று ஒரு பெயர் நிலைக்கும். கோணிக்கொண்டால் ஊரே கல்யாணத்துக்கு வந்து கோணலைப் பார்த்துவிட்டுப் போகும். பாண்டு மறுபடி தலைக்கு ஏறும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். பெருமாளுக்குத் தெரியவில்லை. வேலை நடந்த நாளெல்லாம் வாசலுக்கு வந்து, சந்தின் முனையை எட்டிப் பார்த்து, “மேஸ்திரி எப்பம்மா வருவாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாங்க நைனா. உங்க எதுர்ல நின்னுகினு கீறாங்க” என்பாள் சுஜாதா.

பெருமாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

தரை எப்படி அமைந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஒரு கோலிக்குண்டை வாசற்படியில் வைத்தால் அது யாரையும் கேட்காமல் நேராகச் சாக்கடைக்குப் போய்ச் சேரும். அவ்வளவு சுத்தமான வாட்டம். யாரும் வழுக்கி விழக்கூடாது என்று தென்னந்துடைப்பத்தால் மேலே மெல்லிய கோடு இழுத்திருந்தாள். வாசற்படிக்கு நேரே மட்டும் ஒரு சதுரம் வழவழவென்று விட்டிருந்தாள், கோலம் போடுவதற்கு. வேளாவேளைக்குத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பதமாக ஆறவிட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

பந்தக்கால் நடுகிற நாள் வந்தது.

காலையிலேயே உறவெல்லாம் கூடிவிட்டது. பெருமாளின் அக்கா பங்காரு முதல் நாளே பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அவள் வந்துவிட்டால் அந்த வீட்டில் கடிகாரம்கூட அவளைக் கேட்டுத்தான் மணி அடிக்கும். மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து எல்லாம் தயார். ஒரு சொம்பில் பால், ஒரு தட்டில் நவதானியம். புரோகிதர் ஈசானிய மூலையைக் காட்டினார். பெண்கள் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஈசானிய மூலைக்குப் போனார்கள். போய் நின்றார்கள்.

தரை கண்ணாடி மாதிரி இருந்தது. குழி இல்லை.

மண் வாசலாக இருந்தவரைக்கும் குழியைப் பற்றி யார் நினைத்தார்கள்? கடப்பாரையால் நாலு குத்து குத்தினால் குழி. அந்த நினைப்பிலேயே வாசல் முழுவதையும் மூலைமுடுக்கு விடாமல் மூடி, அழகு பார்த்து, தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். மூங்கிலைப் பிடித்தபடியே எல்லாரும் தரையைத் தேடினார்கள், விழுந்த கம்மலைத் தேடுகிற மாதிரி.

“பெயிண்ட் பக்கெட்ல மணல் போட்டு நட்டுடலாம்” என்றார் ஒருவர். “மெட்ராஸ்ல ஃப்ளாட்ல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க.”

“பக்கெட்டா?” என்றாள் பங்காரு. “பந்தக்காலுக்குக் கைப்பிடி வேற வெச்சுக் குடுக்கிறியா? ஊரு ஊரா தூக்கினு போறதுக்கு?”

“பக்கத்து ஊட்டு வாசல்ல மண்ணு கீதே...”

“ஆங், நடு! அவங்க ஊட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவும். நம்ம போய் மொய் எழுதிட்டு வரலாம்.”

சுதாகர் முன்னால் வந்தான். “எதுக்கு இவ்ளோ பேச்சு? பிரேக்கர் மெஷின் என் வண்டியிலயே கீது பாவா. ரெண்டு நிமிஷத்துல குழி போட்டுடறேன்.” சொன்னவன் ஓடிப் போய் மெஷினைத் தோளில் சுமந்து வந்துவிட்டான். வயரை உள்ளே கொண்டுபோய்ச் சொருகவும் செய்தான். இதற்குள் யுவஸ்ரீ நிர்மலாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

நிர்மலா அப்போது சுஜாதாவோடு பாலமுருகனின் ஆட்டோவில், வேறு ஒரு வேலைக்குப் போகிற வழியில் இருந்தாள். கூடவே மலைக்கு மொட்டை போடப் போகிற ஒரு குடும்பம், அவர்களுடைய மாமன், மச்சான், ஒரு சேவல். பாலமுருகன் வண்டியை அப்படியே திருப்பினான். மொட்டைக் குடும்பம் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. முருகன் எங்கும் போய்விட மாட்டான், பந்தக்கால் குழி இல்லாத கல்யாண வீட்டை எங்கே போய்ப் பார்ப்பது என்று நினைத்திருப்பார்கள். ஆட்டோ சந்துமுனையில் நின்றதும் உள்ளே இருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேர் அந்த ஆட்டோவில் எப்படி இருந்தார்கள் என்பது தனி அதிசயம். சேவல்தான் கடைசியாக இறங்கியது என்று சொல்வார்கள்.

சாக்குப் பையோடு வாசலுக்குள் வந்த நிர்மலா ஈசானிய மூலையைப் பார்த்தாள். மூங்கிலைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யய்யோ. மறந்தே பூட்டேன்மா. கோலத்துக்கு எடம் உட்டேன், கல்யாணத்துக்கு எடம் உடல.”

“நாங்களும்தானே மறந்தோம்” என்றார் பெருமாள். பாவம், அவர் குரல் கல்யாண வீட்டுக் குரலாக இல்லை.

சுதாகர் மெஷினைத் தரைக்கு நேராகப் பிடித்தான். நிர்மலா குறுக்கே போய், சரியாக அவன் உளி இறங்கப்போன இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணா, வேணாம். கனம் மூணு அங்குலம்தான். அடியில மணலு. இத்த வெச்சு நீ குத்தினா குழி மட்டுமா வுழும்? இங்கிருந்து வாசப்படி வரைக்கும் கீறிக்கினு பூடும்.”

“கீறினா பூசிக்கலாமே.”

“கல்யாண வாசல்ல ஒட்டுப் போட்டுத் தருவியா? உன் மெஷின் நாளைக்கு வேற ஊட்டுக்குப் பூடும். தரை இங்கியே கெடக்கும், என் பேரச் சொல்லிகினு.”

“உன் உளிய வெச்சுத் தட்டிகினு இருந்தா மத்தியானம் ஆயிடும்மா. அதுக்குள்ள ராகுகாலம் வந்துடும்.”

அது பொய்யில்லை. ராகுகாலம் சந்துமுனையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. பெருமாள் மச்சானைப் பார்த்தார், நிர்மலாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பங்காருவே ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருமினார்.

“நைனா” என்றாள் யுவஸ்ரீ. கையில் மருதாணி கோன் வைத்த ஈரம் காயவில்லை. விரல்களை விரித்து வைத்துக்கொண்டே பேசினாள். “கல்யாணம் எனக்கு. தரை அந்த அக்காவுது. அவங்களே பண்ணட்டும். லேட்டாச்சுன்னா நான் மாப்பிள்ள வூட்டுல பேசிக்கிறேன்.”

“என்னான்னு பேசுவே?”

“எங்கூட்டுத் தரை ரொம்ப ஸ்ட்ராங்குன்னு.”

மொட்டைக் குடும்பம் சிரித்துவிட்டது. பெருமாள் கையை அசைத்தார். சுதாகர் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கோளாறு நடந்தால் முதலில் பார்க்கிற ஆள் தானாக இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றான்.

நிர்மலா நவதானியத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை வாங்கி, பாலைச் சுஜாதா கையில் இருந்த டம்ளரில் ஊற்றிவிட்டு, சொம்பைத் தரையில் வைத்துச் சுற்றிலும் கரிக்கோடு போட்டாள். இடத்தைத் தண்ணீரால் நனைத்தாள், பட்டுப்புடவைகள்மேல் தூசி பறக்கக்கூடாது என்று. தடி உளியைத் தொடவில்லை. மெல்லிய உளியைக் கோட்டின்மேல் சாய்த்து வைத்து, தூங்குகிறவரைத் தட்டி எழுப்புகிற மாதிரி மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். தட்டுவாள், உளியைக் கொஞ்சம் நகர்த்துவாள், தட்டுவாள். வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். மறுபடியும் அதே தடத்தில் சுற்றினாள். கரிக்கோடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம் வளையல் மாதிரி விழுந்தது.

“சுத்திகினே கீறியே, எப்போ உள்ள போவே?” என்றாள் பங்காரு.

“வேலி போட்டுட்டு உள்ள போறேன்மா. அப்போதான் உள்ள நடக்கிற சண்ட வெளிய வராது.”

பங்காருவுக்கு அது பிடித்துவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டாள். தண்ணீர் தெளிக்கிற வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நிர்மலா தடி உளியை எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்தாள். சுத்தி இறங்கியது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் சுதாகர் கத்தினான்:

“பாத்தியா! விரிசல்! விரிசல் வுட்டுகிச்சு!”

வட்டத்தின் ஓரத்திலிருந்து வாசற்படியைப் பார்த்து, ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. எல்லாரும் குனிந்தார்கள். சேவல்கூடக் குனிந்தது. நிர்மலாவின் கையில் சுத்தி அப்படியே நின்றது. அவள் நெற்றி வேர்வை ஒரு சொட்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. மெதுவாகச் சுத்தியைக் கீழே வைத்தாள். ஈர விரலால் கோட்டைத் தடவினாள். பிறகு நகத்தால் அதன் நுனியை நிமிண்டி, இழுத்தாள்.

கோடு கையோடு வந்துவிட்டது. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கு. கோடு இழுத்த அன்றைக்கு ஒடிந்து கான்க்ரீட்டில் பதிந்து, இத்தனை நாளாக அங்கேயே படுத்திருந்திருக்கிறது.

“இந்தாண்ணா” என்று அதைச் சுதாகர் கையில் கொடுத்தாள். “பல்லுக் குத்திக்கோ.”

அன்றைக்கு எழுந்த சிரிப்புச் சத்தம் மலைமேல் கேட்டது என்றும், படியேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி நின்று திரும்பிப் பார்த்தார்கள் என்றும் சொல்வேன். நம்புவது உங்கள் இஷ்டம். முதலில் சிரித்தது சுதாகர்தான், அதை மறைக்கக்கூடாது. ஈர்க்கைக் காதுமேல் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடைந்த சில்லுகளைத் தானே அள்ளிப் பாண்டில் போட ஆரம்பித்தான்.

அதற்கப்புறம் கான்க்ரீட் முரண்டு பிடிக்கவில்லை. நடு வட்டம் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. வேலி போட்ட ஓரம் அப்படியே நின்றது. மணலைக் கரண்டியால் வாரி எடுத்ததும் அடியில் பழைய மண் வாசல் தெரிந்தது, ஈரமாக. கடப்பாரையால் குத்தி, முழங்கை வரைக்கும் கையை விட்டு மண்ணை அள்ளிப் போட்டாள்.

“நடுங்க!” என்றாள் மூச்சு வாங்க.

பங்காரு பாலை ஊற்றினாள். நவதானியம் போட்டாள். பெண்கள் மூங்கிலை இறக்கினார்கள். கொஞ்சம் ஆடியது. சுதாகர் தான் அள்ளி வைத்த சில்லுகளிலேயே நல்லதாகப் பார்த்து நாலு பக்கமும் சொருகி இறுக்கினான். மூங்கில் நிமிர்ந்து நின்றது. நிர்மலா பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு சில்லைத் தட்டச் சொன்னாள். பந்தக்காலுக்கு யாரும் தூக்குக்குண்டு பிடித்ததில்லை என்று புரோகிதர் சொன்னதற்கு, “தரையில மறந்தத இதுல ஈடு கட்டறேன் சாமி” என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் இப்போதுதான் சந்துக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

பங்காரு மிச்சமிருந்த மஞ்சள் குங்குமத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகக் கிடந்த பிரேக்கர் மெஷினிடம் போனாள். அதன் நெற்றி எது என்று கொஞ்சம் தேடிப் பார்த்து, ஒரு பொட்டு வைத்தாள். “வந்த விருந்தாளிய சும்மா அனுப்பக்கூடாது” என்றாள். சுதாகர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். இன்றைக்கும் அவன் கடையில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

பிறகு பங்காரு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “மேஸ்திரி தட்ட எடுத்தாங்கடி!”

அவர்கள் வழக்கத்தில் பந்தக்கால் குழி எடுத்தவருக்கு ஒரு தாம்பூலத் தட்டு உண்டு. யுவஸ்ரீயின் அம்மா காஞ்சனா தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். அதன்மேல் மடித்து வைத்தது கட்டம் போட்ட புது லுங்கி ஒன்று, துண்டு ஒன்று. எல்லாரும் லுங்கியைப் பார்த்தார்கள். நிர்மலாவைப் பார்த்தார்கள். குழி எடுக்கிறவர் புடவை கட்டியிருப்பார் என்று அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

“இரும்மா” என்றார் பெருமாள் பதறிப்போய். “எதுர் கடையில ஒரு பொடவை எடுத்தாறேன்.”

“வேணாம் நைனா” என்றாள் நிர்மலா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். “மேஸ்திரிக்குன்னு வெச்சது. அதையே குடுங்க.”

பெருமாள் அவளைப் பார்த்தார். இந்தமுறை சந்தின் முனையை எட்டிப் பார்க்கவில்லை. காஞ்சனா கையிலிருந்த தட்டைத் தானே வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, “வாங்கிக்கோ மேஸ்திரி” என்றார்.

நிர்மலா தட்டைச் சுஜாதாவிடம் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டாள். லுங்கி பாலமுருகன் தோளுக்குப் போனது. அவன் அதை அங்கேயே சட்டைமேல் பிடித்து அளவு பார்த்தான். மொட்டைக் குடும்பம் சேவலைத் தேடியது. சேவல் நவதானியத் தட்டில் இருந்தது.

“பந்தக்கால் எடுத்தப்புறம் குழிய இன்னா பண்றது?” என்று கேட்டாள் பங்காரு.

“மூடி போட்டுத் தரேன்மா. தூக்கிற மாதிரி ஒரு வளையம் வெச்சு. அடுத்த கல்யாணத்துக்குத் தொறந்துக்கலாம்.”

“எங்கூட்டுக்கும் ஒண்ணு” என்றாள் பங்காரு உடனே. “எம்மவன் கல்யாணத்துக்கு. பொண்ணு இன்னும் கெடைக்கல, குழியாச்சும் ரெடியா இருக்கட்டும்.”

அடுத்த வாரமே நிர்மலாவும் சுஜாதாவும் சாக்குப் பையோடு பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறினார்கள். பங்காரு வீட்டு வாசலை முடிப்பதற்குள் அந்தத் தெருவில் இன்னும் நாலு வாசல் காத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டே பாலமுருகன்தான் போனை எடுக்கிறான். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரே பதில்தான்: “ஒரு நிமிஷம் இருங்க, மேஸ்திரி பின்னாடி ஒக்காந்துகினு கீறாங்க.”